சைக்ளோகிராஸ் பயிற்சி: முதலில் புல்தரை, பிறகு பவர் மீட்டர்

சைக்ளோகிராஸ் பந்தயத்தின் நேரம் குறைவு. உலகப் போட்டியிலேயே ஆண்கள் பிரிவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெண்கள் பிரிவு 50 நிமிடம். உள்ளூர்ப் பந்தயங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 30 முதல் 45 நிமிடம்தான். சாலையில் மூன்று மணி நேரம் சளைக்காமல் மிதிக்கிற ஒருவர், இது எம்மாத்திரம் என்று நினைத்துப் பெயர் கொடுத்துவிடுவார். முதல் சுற்று முடிவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிப்போகும்.

காரணம் பாதையில் இருக்கிறது. ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். அதற்குள் புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, பலகைத் தடை, பத்தடிக்கு ஒரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் செத்துப்போகிறது. வெளியே வந்ததும் அதை மறுபடி உயிர்ப்பிக்க ஐந்து நொடி, பத்து நொடி முழு மூச்சில் மிதிக்க வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த திருப்பம். இப்படிப் பந்தயம் முழுக்க நூறு, இருநூறு குட்டிப் பாய்ச்சல்கள். இதயத்துடிப்பு ஆரம்பத்தில் ஏறியது ஏறியபடியே நிற்கும். கால்களோ ஒரு கணம் முழு வலுவில் மிதிக்கும், மறுகணம் சும்மா இருக்கும். சராசரி வாட்டைப் பார்த்துச் சாலையில் பயிற்சி செய்தவருக்கு இந்த விளையாட்டு பிடிபடாமல் போவது இதனால்தான்.

இந்த அத்தியாயம், வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் மட்டும் சைக்கிளுக்கு ஒதுக்க முடிகிறவர்களுக்காக எழுதியது. அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: அந்த ஆறேழு மணியில் ஒரு மணி நேரத்தை வாரம் தவறாமல் புல்தரையில் கழியுங்கள். ஒரு சுற்றில் 25 வளைவுகள் என்று வையுங்கள். வளைவுக்கு ஒரு நொடி மிச்சம் பிடித்தால் ஏழு சுற்றில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைக் கால் வலுவால் மட்டும் சம்பாதிக்க வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அதோடு, வளைவில் வேகத்தைத் தக்கவைத்துக்கொள்கிறவருக்கு வெளியே வந்து பாய வேண்டிய தேவையும் குறைகிறது. கடைசிச் சுற்றில் அவர் காலில் மிச்சம் இருக்கும்.

பெல்ஜியத்தின் கடலோர ஊரான கொக்சைடேயில் 2012-இல் நடந்த உலகப் போட்டி இதற்கு நல்ல சாட்சி. மணல்மேடுகளுக்கு நடுவே ஓடும் பாதை அது. ஆண்கள் பிரிவில் நீல்ஸ் ஆல்பர்ட் வென்றார். அவருக்குப் பின்னால் வந்த ஆறு பேரும் பெல்ஜியக்காரர்களே. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்றிருந்த செக் வீரர் ஸ்டிபாருக்கே முதல் ஏழு இடங்களில் இடம் கிடைக்கவில்லை. மற்ற நாட்டுக்காரர்களின் கால்களில் வலு இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெல்ஜியக்காரர்களைப் போல அந்த மணலிலேயே பழகியவர்கள் வேறு யாரும் இல்லை.

வளைவு

நுட்பப் பயிற்சியை வளைவிலிருந்து தொடங்குங்கள். புதியவர்கள் எல்லோரும் பலகையைத் தாண்டிக் குதிப்பதைத்தான் முதலில் கற்கத் துடிப்பார்கள். பலகைகள் ஒரு சுற்றில் ஓரிடத்தில்தான் வரும். வளைவு எங்கும் வரும்.

பூங்காவில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலை போதும். அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், மழையில் ஊறிய புல்லைக் கிழித்துப் போட்டால் அடுத்த வாரம் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு தண்ணீர் பாட்டில்களை எட்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். அப்போதுதான் முன்சக்கரத்தின் மேல் எடை விழும். வளைவுக்கு வெளிப்புறமாக இருக்கும் கால் கீழே, அந்தப் பெடலை அழுத்தி மிதித்தபடி. சைக்கிள் உள்பக்கம் சாயட்டும்; உங்கள் உடம்பு அதைவிட நிமிர்ந்து, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கட்டும். சாலையில் நாம் சைக்கிளோடு சேர்ந்தே சாய்வோம். ஈரப் புல்லில் அப்படிச் சாய்ந்தால் சக்கரம் வாரிவிட்டுவிடும்.

கண்தான் முக்கியம். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் பாட்டில் மேலேயே ஏற்றுவீர்கள். வளைவுக்குள் நுழையும்போதே பார்வை வெளியேறும் இடத்துக்குப் போய்விட வேண்டும். தாடை அந்தப் பக்கம் திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் சைக்கிள் தானாக வரும். பிரேக் பிடிப்பதெல்லாம் நேராக ஓடும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொட்ட மறுகணம் முன்டயர் பிடிப்பை விட்டுவிடும்.

எட்டுப் போடுவது கைவந்ததும் பாட்டில்களை ஏழு மீட்டருக்கும் ஆறு மீட்டருக்கும் நெருக்குங்கள். பிறகு பிரேக்கையே தொடாமல் சுற்றுங்கள். அடுத்தபடியாக, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, அகலமாக நுழைந்து உள்முனையை உரசி அகலமாக வெளியேறுவது, உள்ளேயே ஒட்டி வருவது, வெளியேயே ஒட்டி வருவது என்று மூன்று வழியிலும் போய்க் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். உலர்ந்த நாளில் முதல் வழி ஜெயிக்கும். மழை நாளில், எல்லோரும் மிதித்துக் குழைத்த உள்முனையைவிட யாரும் போகாத வெளி ஓரத்துப் புல்லே வேகமாக இருக்கலாம். இதை ஒருவர் சொல்லிக் கேட்டால் மனதில் நிற்காது. கடிகாரம் காட்டினால் நிற்கும்.

இறங்குவதும் ஏறுவதும்

ஓடுகிற சைக்கிளிலிருந்து இறங்குவது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. பழைய பார் வைத்த சைக்கிளில் தபால்காரர் வந்து வாசலில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்: வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் வீசி எடுத்து, இடது பெடலில் நின்றபடி கொஞ்ச தூரம் மிதந்து வந்து, நடையோடு நடையாகத் தரையில் கால் வைப்பார். பெல்ஜியத்து வீரர் பலகைத் தடைக்கு முன் செய்வதும் அதையேதான். அவர் செருப்புக்குப் பதில் பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ போட்டிருக்கிறார், தரையில் பட்டதும் ஓடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இறங்குவது எப்போதும் இடது பக்கம்; செயின் வலது பக்கம் இருப்பதால். நடை வேகத்தில் தொடங்குங்கள். வலது ஷூவைப் பெடலிலிருந்து கழற்றி, காலைப் பின்னால் வீசி, இடது காலுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். இந்தக் கணத்தில் உங்கள் முழு எடையும் இடது பெடலிலும் கைகளிலும் இருக்கிறது. இப்போது வலது கை ஹேண்டில்பாரை விட்டு மேல்குழாயான பாரைப் பிடிக்கிறது. வலது கால் தரையைத் தொடும்போதே இடது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றிவிடுங்கள். தரை தொட்ட கால் நிற்கக் கூடாது; அடுத்த அடி உடனே விழ வேண்டும்.

வலது காலை இடது காலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே நுழைத்து இறங்கும் முறையும் உண்டு. அது இன்னும் வேகமானது. இடது ஷூ கழலாமல் மாட்டிக்கொண்டால் முகம் தரையில் அடிக்கும் என்பதால், முதல் பருவத்தில் அதைத் தொடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வலது கை பாருக்குப் போனபின் இடது கை பிரேக் மட்டுமே மிஞ்சும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் வழக்கமாக இடது கைக்குப் பின்பிரேக்; அமெரிக்காவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் இடது கைக்கு முன்பிரேக். காலைத் தூக்கி நிற்கும் நேரத்தில் முன்பிரேக்கை அழுத்தினால் சைக்கிள் குப்புறக் கவிழும். வாங்கிய சைக்கிளில் எது எந்தக் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், பலர் சைக்ளோகிராஸுக்கென்றே மாற்றிக்கொள்கிறார்கள்.

பலகையின் உயரம் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர். அதற்குமேல் ஒரு விரற்கடை தூக்கினால் போதும்; புதியவர்கள் சைக்கிளை மார்புவரை தூக்கி முதுகைப் பாழாக்கிக்கொள்வார்கள். பயிற்சிக்கு உண்மையான பலகை வேண்டாம். இரண்டு பாட்டில்கள்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்தால் இடித்தால் விழுந்துவிடும், உங்களுக்குக் காயம் இருக்காது.

ஏறுவதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். இடது காலால் உந்தி முன்னோக்கிப் பாய்ந்து, வலது தொடையின் உள்பக்கம் சீட்டின்மேல் படும்படி இறங்கி, அப்படியே வழுக்கி உட்கார வேண்டும். மேல்நோக்கிக் குதித்து இடுப்பெலும்பு சீட்டில் மோதும்படி விழுகிறவர்கள் இரண்டு நாள் வலியோடு வீட்டில் இருப்பார்கள்; பிறகு பயம் வந்துவிடும். பயம் வந்தவர் பாய்வதற்கு முன் இடது காலில் இரண்டு தத்து தத்துவார். அந்தத் தத்தலில் ஓடிச் சேர்த்த வேகம் முழுக்கக் கரைந்துவிடும். இதைப் போக்க ஒரே வழி, சைக்கிளை ஏறக்குறைய நின்ற நிலையில் வைத்துக்கொண்டு, சீட்டில் தொடை படுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது. பிறகு நடந்துகொண்டே, பிறகு ஓடிக்கொண்டே. உட்கார்ந்ததும் பெடலைத் தேடிக் குனியாதீர்கள். ஷூ மாட்டாவிட்டாலும் பெடலின்மேல் கால் வைத்து மிதிக்கத் தொடங்குங்கள், மூன்று நான்கு மிதியில் அதுவே மாட்டிக்கொள்ளும். வாரம் 15 நிமிடம் இதற்கு ஒதுக்கினால், பருவம் தொடங்கும் செப்டம்பருக்குள் உடம்பு இதைத் தானாகச் செய்யும்.

சைக்கிளில் இருந்தபடியே பலகையைத் தாண்டுவதைப் பெல்ஜிய வீரர் ஸ்வென் நீஸ் பெயரோடு சேர்த்தே எல்லோரும் பேசுவார்கள். அவர் சிறுவயதில் பிஎம்எக்ஸ் ஓட்டியவர். அந்தத் திறமை அங்கிருந்து வந்தது. பயிற்சியில் தாராளமாக முயலுங்கள். பந்தயத்தில், பத்துக்குப் பத்தும் தாண்டுகிற நிலை வரும்வரை இறங்கி ஓடுங்கள்.

படிக்கட்டும் நீளமான ஏற்றமும் வந்தால் தோளில் தூக்க வேண்டும். வலது கையால் கீழ்க்குழாயைப் பிடித்துத் தூக்கி, பாரைத் தோளில் மாட்டி, கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் நுழைத்து ஹேண்டில்பாரின் இடது முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் அப்போது ஆடாது. இடது கை ஓட்டத்துக்கு வீச்சுக் கொடுக்கும்.

மணல், சேறு, பக்கச் சரிவு

மணலில் நுழையும் முன்பே பெரிய கியருக்கு மாறி, வேகமாக நுழையுங்கள். எடை பின்னால், கைப்பிடி தளர்வாக. முன்சக்கரம் அங்குமிங்கும் அலையும், அலையட்டும். அதை இறுக்கிப் பிடித்து நேராக்க முயன்ற நொடியில் சக்கரம் புதைந்துவிடும். முன்னால் போனவர்களின் தடம் ஆழமாக இருந்தால் அதற்குள்ளேயே ஓட்டுங்கள், திசை மாற்றுவதை இடுப்பால் செய்யுங்கள். மிதிப்பதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வேகம் ஓட்ட வேகத்துக்குக் கீழே போகப் போகிறது என்று தெரிந்தால், சைக்கிள் நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். நின்றபின் இறங்கி ஓடத் தொடங்குவதற்குத்தான் அதிகச் சக்தி செலவாகும். பக்கத்தில் கடற்கரை இல்லாதவர்கள் குதிரைப் பயிற்சித் திடலிலோ கைப்பந்து மணல் திடலிலோ கேட்டுப் பாருங்கள்.

சேற்றில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். உட்கார்ந்து, ஒரே சீராக.

பக்கவாட்டில் சரியும் நிலத்தைக் குறுக்கே கடப்பது இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, பலரைப் பயமுறுத்தும் பகுதியும் அதுவே. பெல்ஜியத்து நமூர் நகரின் கோட்டைச் சரிவில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேர்ந்த வீரர்களே வரிசையாகச் சறுக்கிப் பாதையோரக் கயிற்றுக்கு அடியில் போய் விழுவார்கள். சரிவில் நுழையும்போதே எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே நுழையுங்கள். நிலம் எப்படியும் உங்களைக் கீழே இழுக்கும். முதலிலேயே உயரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இழக்க இடம் இருக்கும். பள்ளப் பக்கத்துப் பெடல் கீழே, எடை முழுக்க அதன்மேல். பார்வை, நீங்கள் போய்ச் சேர விரும்பும் மேல்விளிம்பில். பிரேக் வேண்டாம். டயர் கொஞ்சம் வழுக்கினால் பதறாமல் விட்டுவிடுங்கள், அடுத்த அடியில் பிடித்துக்கொள்ளும். மிகவும் வழுக்கினால் மேட்டுப் பக்கத்துக் காலைக் கழற்றி ஊன்றித் தள்ளலாம், அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

டயர்க் காற்று

உலகப் போட்டி விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவு ஒல்லியான டயரில் காற்றழுத்தம்தான் பாதி நுட்பம். எழுபது கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத டயரில், உலர்ந்த புல்லுக்கு 28 பிஎஸ்ஐ, சேற்றுக்கு 23 என்று தொடங்கிப் பார்க்கலாம். ரிம்மைப் பொறுத்தும் நிலத்தைப் பொறுத்தும் மாறும். ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்தபடி, ஒவ்வொரு தடவையும் 2 பிஎஸ்ஐ இறக்குங்கள். பிடிப்பு கூடிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் டயர் அடியில் நெளிவதோ, வேரில் மோதும்போது ரிம் இடிப்பதோ தெரியும். அங்கிருந்து ஒன்றிரண்டு ஏற்றிக் குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே அளவுமானியைப் பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம்.

உடல் பயிற்சி

கோடையில் நீண்ட, நிதானமான சவாரிகள், வாரம் ஒருமுறை 20 நிமிடம் கடுமையாக மிதிப்பது இரண்டு தடவை. இது எல்லாச் சைக்கிள் பந்தயத்துக்கும் பொது. ஆகஸ்டு முதல் பாய்ச்சலுக்குப் பழக்க வேண்டும்.

நான் முதலில் கொடுப்பது 40/20. நாற்பது நொடி கடுமையாக, இருபது நொடி லேசாக. இப்படிப் பத்துத் தடவை ஒரு தொகுதி. ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் இன்னொரு தொகுதி. முதல் மூன்று பாய்ச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். பத்தாவதும் முதலாவதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இது பழகியபின் நார்வே ஆய்வாளர் ரோன்னஸ்டாட் பரிசோதித்த முறைக்குப் போகலாம்: முப்பது நொடி கடுமை, பதினைந்து நொடி லேசு, 13 தடவை ஒரு தொகுதி, மூன்று நிமிட இடைவெளியில் மூன்று தொகுதிகள். ஓய்வு போதாமல் போவதுதான் இதன் சாரம். சைக்ளோகிராஸிலும் அப்படியே.

தொடக்கத்தைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். விசில் ஊதியதும் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து, சில நூறு மீட்டரில் மூன்று மீட்டர் அகலப் பாதைக்குள் நுழைகிறார்கள். பின்னால் மாட்டிக்கொண்டவர் முதல் வளைவில் கால் ஊன்றி நிற்க வேண்டிவரும். ஒரு கால் தரையில், மறு கால் பெடலில் மாட்டியபடி நின்று, முப்பது நொடி முழு வேகம். ஓய்வில்லாமல் அப்படியே மூன்று நிமிடம் பந்தய வேகம். பிறகு ஐந்து நிமிடம் லேசு. நான்கு தடவை போதும். தரையில் இருக்கும் காலைப் பார்க்காமலேயே முதல் மிதியில் மாட்டப் பழகுவது இதன் பாதிப் பயன்.

ஓட்டத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அளவும் மீறாதீர்கள். சைக்கிள் மட்டுமே ஓட்டியவரின் ஆடுசதையும் குதிகால் நாணும் திடீர் ஓட்டத்தைத் தாங்காது. ஜூலையில் வாரம் இருமுறை, பதினைந்து நிமிட மெதுவோட்டம். ஒரு மாதம் கழித்து மேட்டில் பதினைந்து நொடிப் பாய்ச்சல்கள், இறங்குவது நடையில். சைக்கிள் ஷூவோடு, சைக்கிளைத் தோளில் சுமந்து ஓடுவது அதற்கும் பிறகு.

இவ்வளவையும் சேர்த்து ஒரே பயிற்சியாக்கலாம். நேரம் இல்லாதவர் மற்றதை விட்டாலும் இதை விடக் கூடாது. பூங்காவில் இரண்டு மூன்று நிமிடச் சுற்று ஒன்றை நீங்களே அமையுங்கள்: நான்கைந்து வளைவு, ஒரு குழாய்த் தடை, ஒரு மேடு. மூன்று சுற்று பந்தய வேகத்தில், ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி மூன்று சுற்று. மூச்சு வாங்காத நேரத்தில் அழகாக இறங்குகிறவர், மூன்றாவது சுற்றில் கால் வீச மறந்து தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைப் பந்தயத்துக்கு முன்பே சந்தித்துப் பழகிவிட வேண்டும். ஒரு நண்பர் கூட வந்தால் இன்னும் நல்லது: அவர் வளைவில் உள்பக்கம் நுழையப் பார்ப்பார், முழங்கை உரசும், தனியாக ஓட்டும்போது இது எதுவும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் வாரம் இப்படிப் போகலாம். திங்கள் ஓய்வு. செவ்வாய் பாய்ச்சல் பயிற்சி. புதன் அல்லது வியாழன் மாலை பூங்காச் சுற்று. வெள்ளி ஓய்வு, அல்லது வேலைக்குச் சைக்கிளில் போய் வருவதோடு சரி. சனிக்கிழமை ஒரு மணி நேரம் லேசாக, நடுவில் நான்கைந்து குட்டிப் பாய்ச்சல். டிசம்பரில் உடம்பு அலுத்துப்போனால் செவ்வாய்ப் பயிற்சியை வெட்டுங்கள். பந்தயமே கடும் பயிற்சிதான்.

பந்தய நாள் காலையில், பாதை திறந்திருக்கும் நேரத்துக்குள் மூன்று சுற்றாவது பாருங்கள். முதல் சுற்று மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று, எங்கே புல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து. இரண்டாவது சுற்றில் சந்தேகமான இடங்களை மட்டும் இரண்டு மூன்று வழிகளில் ஓட்டிப் பார்த்து. மூன்றாவது, பந்தய வேகத்தில். ஆனால் நீங்கள் பார்த்த பாதையும் நீங்கள் ஓட்டப்போகும் பாதையும் ஒன்றாக இருக்காது: உங்களுக்கு முன் இரண்டு பிரிவுகள் ஓடி முடித்தால், காலையில் புல்லாக இருந்த வளைவு மதியம் சேறாகியிருக்கும். ஆகவே தொடக்கக் கோட்டுக்குப் போகுமுன், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிரிவினர் மிக மோசமான வளைவை எப்படி எடுக்கிறார்கள் என்று கயிற்றோரம் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். தேவைப்பட்டால் டயரில் ஒரு பிஎஸ்ஐ இறக்கிவிட்டு வரிசைக்குப் போங்கள்.